பிறையாகத் தெரியும் சனி

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5.4 பாகை தள்ளி அமைந்திருக்கும் ஜோர்ஜ்டவுன் நகரம், கோள்களைப் பார்ப்பதற்கு மிகவும் ஏற்ற இடங்களுள் ஒன்று என்பது பினாங்கில் வாழ்பவர்களிலேயே பலருக்குத் தெரிவதில்லை. கோள்கள் யாவும் சூரியன் செல்லும் பாதையை ஒட்டியே வானில் நகர்கின்றன. அந்தப் பாதை வான நடுக்கோட்டிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ 23.4 பாகைக்கு மேல் விலகுவதில்லை. ஆகவே ஒரு கோள் தன் பாதையின் தென்கோடியில் இருக்கும் ஆண்டில்கூட, இரவில் அது உச்சம் தொடும் வேளையில் பினாங்கின் தொடுவானிலிருந்து ஏறத்தாழ 61 பாகை உயரத்தில் நிற்கும். அதே கோள் அதே இரவில் சென்னையில் 53 பாகை உயரத்தையும் லண்டனில் வெறும் 15 பாகை உயரத்தையுமே எட்டும். உயரம் குறையக் குறைய ஒளி ஊடுருவி வரவேண்டிய காற்றின் தடிமன் கூடுகிறது. தலைக்கு நேர் மேலே இருக்கும் காற்றின் அளவை ஒன்று என்று கொண்டால், பினாங்கில் அந்தக் கோளின் ஒளி 1.14 மடங்கு காற்றைக் கடந்தால் போதும், லண்டனில் 3.8 மடங்கு காற்றைக் கடக்க வேண்டும். காற்றின் கொந்தளிப்பே கோளின் உருவத்தை நடுங்கவும் குழம்பவும் வைப்பதால், இந்த வேறுபாடு தொலைநோக்கியில் கண்கூடாகத் தெரியும்.

மழையும் ஈரப்பதமும் பல இரவுகளைப் பறித்துக்கொண்டாலும், நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளின் இந்தச் சாதகம் வெறும் ஏட்டுக்கணக்கு அன்று. பிலிப்பீன்ஸ் நாட்டின் செபு நகரில், வடக்கே 10 பாகையில், தம் வீட்டிலிருந்தே கோள்களைப் படமெடுக்கும் கிறிஸ்டோபர் கோ, 2006 பிப்ரவரியில் வியாழனின் வெண்ணிறப் புயல் ஒன்று செந்நிறமாக மாறியிருப்பதை முதலில் கவனித்துச் சொன்னார். 2010 ஜூன் 3 அன்று ஏதோ ஒரு சிறுபொருள் வியாழனில் மோதி எரிந்த கண நேர ஒளிர்வை, ஆஸ்திரேலியாவின் ஆன்டனி வெஸ்லியும் அவரும் தனித்தனியே பதிவு செய்தனர். தொழில்முறை வானியலாளர்கள் இன்றும் இத்தகைய ஆர்வலர்களின் படங்களை நம்பியிருக்கின்றனர்.

ஆயினும் பூமியில் எவ்வளவு நல்ல இடத்தைத் தேர்ந்தாலும், எவ்வளவு பெரிய தொலைநோக்கியை நிறுவினாலும், ஒன்றை மட்டும் பெறவே முடியாது, அது கோணம். விண்கலங்கள் கோள்களுக்கு அருகே சென்று படமெடுப்பதால்தான் அவற்றின் படங்கள் வியப்பூட்டுகின்றன என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அருகாமை பெரிய பேறுதான். ஆனால் கடந்த அறுபது ஆண்டுகளின் கண்டுபிடிப்புகளை நிதானமாகப் பார்த்தால், பூமி ஒருபோதும் நிற்க முடியாத இடத்தில் நின்று, பூமிக்கு ஒருபோதும் காட்டப்படாத பக்கத்தைப் பார்த்ததே விண்கலங்களின் தலையாய பங்களிப்பு என்பது விளங்கும்.

இதைப் புரிந்துகொள்ள நிலவிலிருந்து தொடங்குவது எளிது. நிலவின் மையத்தில் நின்று ஒருவர் ஒரு கையைச் சூரியனை நோக்கியும் மறு கையைப் பூமியை நோக்கியும் நீட்டினால், அந்த இரு கைகளுக்கும் இடையே உண்டாகும் கோணமே கலைக்கோணம் எனப்படும். அது சுழியை நெருங்கும்போது முழுநிலவு; 90 பாகையாக இருக்கும்போது அரைநிலவு; 180 பாகையை நெருங்கும்போது மெல்லிய பிறை, அதன்பின் அமாவாசை. பூச நட்சத்திரமும் பௌர்ணமியும் கூடும் தைப்பூசத்தையொட்டி, தண்ணீர்மலைக் கோயிலுக்குக் காவடிகள் செல்லும் நாட்களில், கிழக்கே பட்டர்வொர்த் பக்கமாக எழும் நிலவு கலைக்கோணம் ஏறக்குறையச் சுழியாக உள்ள நிலவு. அது கண்ணுக்கு எவ்வளவு நிறைவானதோ, நிலவின் மேற்பரப்பைப் படமெடுக்க விரும்புபவருக்கு அவ்வளவு ஏமாற்றம் தருவது. சூரிய ஒளி பார்ப்பவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து விழுவதால் குழிகளும் மலைகளும் நிழலே இன்றித் தட்டையாகத் தெரிகின்றன. நிழல்கள் மறைந்துபோவதும் ஒளி வந்த வழியே திரும்பிச் சிதறுவதும் சேர்ந்து முழுநிலவை அசாதாரணமாகப் பளிச்சிட வைக்கின்றன. பரப்பில் பாதியாக இருக்கும் அரைநிலவு, ஒளியில் முழுநிலவின் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். நிலவின் குழிகளை அறிய அரைநிலவின் நிழல் விளிம்பே உகந்தது என்பது தொலைநோக்கி வைத்திருக்கும் எவரும் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம்.

மறுமுனையான மெல்லிய பிறைக்கும் பினாங்கில் ஓர் இடம் உண்டு. தீவின் மேற்குக் கரையில், பந்தாய் ஆச்சேயில், மேற்குக் கடலை மறைப்பின்றிப் பார்க்கும்படி அமைந்த ஷேக் தாஹிர் வானியல் மையம், இஸ்லாமிய மாதங்களின் தொடக்கத்தை உறுதிசெய்யப் பிறை பார்க்கும் இடங்களுள் ஒன்று. மேற்குச் சுமத்ராவில் 1869இல் பிறந்து 1956இல் மறைந்தவரும், சமய அறிவையும் வான்கணிதத்தையும் ஒருங்கே கற்றுத் தேர்ந்தவருமான ஷேக் தாஹிர் ஜலாலுத்தீனின் பெயர் அந்த மையத்துக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. புரூணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகள் ஏற்றுள்ள இன்றைய அளவுகோலின்படி, மாலையில் நிலவு தொடுவானிலிருந்து குறைந்தது 3 பாகை உயரத்திலும் சூரியனிலிருந்து குறைந்தது 6.4 பாகை விலகியும் இருக்க வேண்டும். அந்த எல்லையில் நிலவின் கலைக்கோணம் 173 பாகைக்கும் மேல். அதன் வட்டத்தில் ஒளிபெற்ற பகுதி ஆயிரத்தில் மூன்று பங்கு. மாலை வானின் வெளிச்சத்தில் அதைக் கண்ணால் பிரித்தறிவது மிகக் கடினம். அடுத்தடுத்து எடுத்த பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டி, வானத்தின் சீரான வெளிச்சத்தைக் கழித்துவிட்டால், எஞ்சியிருக்கும் மங்கலான வளைவு மேலெழுந்து வரும். கூட்டலும் கழித்தலுமான இந்த வேலையைத்தான் விண்கலங்களின் படங்களைச் செம்மைப்படுத்துபவர்களும் செய்கிறார்கள்.

வெள்ளியும் புதனும் பூமியின் பாதைக்கு உள்ளே சுற்றுவதால், நிலவைப் போலவே அவற்றையும் பிறையாகப் பார்க்கலாம்; வெள்ளி தேய்ந்து வளர்வதை 1610ஆம் ஆண்டின் இறுதியில் கலிலியோ கண்டதே, கோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன என்பதற்கு வலுவான சான்றாயிற்று. வெளிக்கோள்களின் நிலை வேறு. பூமியிலிருந்து பார்க்கும்போது செவ்வாயின் கலைக்கோணம் 47 பாகையைத் தாண்டுவதில்லை என்பதால், அது மிகவும் தேய்ந்த நிலையிலும் வட்டத்தின் 84 விழுக்காடு ஒளிபெற்றே தெரியும். வியாழனுக்கு அந்த எல்லை 12 பாகை. சனிக்கு 6 பாகையைச் சற்றே தாண்டும். நெப்டியூனுக்கு 2 பாகை. அதாவது, தொலைநோக்கி கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து 1970கள் வரை மனிதர் பார்த்த ஒவ்வொரு வியாழனும் ஒவ்வொரு சனியும் தைப்பூச நிலவைப் போன்றவையே. சூரியன் முதுகுக்குப் பின்னால் நிற்க, நிழலற்ற முழு வட்டமாகத் தெரிந்தவை.

1973 டிசம்பரில் வியாழனைக் கடந்து சென்ற பயனியர் 10, அந்தப் பெருங்கோளை முதன்முதலாகப் பிறையாகக் காட்டியது. அதைவிட ஆழமாக மனத்தில் பதிந்த படம் 1980 நவம்பர் 16 அன்று எடுக்கப்பட்டது. சனியைக் கடந்து நான்கு நாட்கள் ஆகியிருந்த வாயேஜர் 1, 53 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து திரும்பிப் பார்த்தபோது, வளையங்கள் சூழ்ந்த சனி ஒரு பிறையாக நின்றது. வளையங்களின் குறுக்கே கோளின் நிழல் கரிய பட்டையாக விழுந்து, வளையத்தை நடுவில் வெட்டி எடுத்ததுபோல் காட்டியது. ஒளிபெற்ற பிறையின் மீது வளையங்களின் நிழல் கோடுகளாகப் படிந்திருந்தது. வளையங்களின் மெல்லிய பகுதிகளினூடே கோளின் விளிம்பும் தெரிந்தது. ஒரே படத்தில் கோளின் நிழல் வளையத்திலும் வளையத்தின் நிழல் கோளிலும் விழுந்து, அவை இரண்டும் வெற்றிடத்தில் மிதக்கும் முப்பரிமாண உருவங்கள் என்பதை ஐயத்துக்கு இடமின்றி உணர்த்தின. கலிலியோ தொடங்கிச் சனியைப் பார்த்த எவருக்கும் கிடைக்காத காட்சி அது.

பிறைக்கோணம் அழகுக்காக மட்டும் தேடப்படுவது அன்று. மாலை வேளையில் பிறை என்னும் ஊரிலிருந்து பினாங்குப் பாலத்தின் வழியே தீவை நோக்கி வண்டி ஓட்டுபவர், சாயும் சூரியன் எதிரே வந்த மறுகணமே, அதுவரை சுத்தமாகத் தோன்றிய முகப்புக் கண்ணாடி முழுவதும் தூசி பளபளப்பதைக் காண்பார். ஒளியின் அலைநீளத்தை ஒத்த அளவுடைய நுண்துகள்கள், தம்மீது விழும் ஒளியைப் பின்னோக்கித் திருப்பாமல் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கின்றன என்பதுதான் காரணம். ஆகவே ஒரு கோளைச் சுற்றி நுண்தூசியோ மூடுபனியோ பனித்துகள்களோ இருந்தால், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்போது அது கண்ணில் படாது. கோளுக்கு அப்பால் சென்று சூரியன் இருக்கும் திசையை நோக்கித் திரும்பிப் பார்த்தால் ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். வியாழனுக்கும் வளையம் உண்டு என்பதை 1979 மார்ச் மாதம் வாயேஜர் 1 எடுத்த, 11 நிமிடங்களுக்கு மேல் நீண்ட ஒரே ஒரு பதிவு உணர்த்தியது. நான்கு மாதங்களுக்குப் பின் வாயேஜர் 2 வியாழனின் நிழலுக்குள் நின்று திரும்பிப் பார்த்தபோதுதான், அந்த வளையம் நெருப்புக்கோடாக எரிந்து தெரிந்தது.

அயோவின் எரிமலைகள் வெளிப்பட்ட விதமும் இதே வகையைச் சேர்ந்தது. 1979 மார்ச் 8 அன்று, வியாழனைத் தாண்டிச் சென்றுகொண்டிருந்த வாயேஜர் 1, தன் வழியைச் சரிபார்ப்பதற்காக 45 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து அயோ துணைக்கோளைப் படமெடுத்தது. பின்னணியில் உள்ள மங்கலான விண்மீன்கள் பதிய வேண்டும் என்பதால் பதிவு நேரம் வேண்டுமென்றே கூட்டப்பட்டிருந்தது. அயோ அப்போது ஒரு பிறை. மறுநாள் அந்தப் படத்தைக் கணினித் திரையில் ஆராய்ந்த வழிகாட்டுப் பொறியாளர் லிண்டா மொராபிட்டோ, பிறையின் விளிம்புக்கு வெளியே ஒரு குடை விரிந்து நிற்பதைக் கண்டார். வேறொரு துணைக்கோள் பின்னால் எட்டிப்பார்க்கிறதா, கருவியில் ஏதும் கோளாறா என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து நீக்கியபின் எஞ்சியது ஒரே விடை: மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 270 கிலோமீட்டர் உயரத்துக்குப் பீறிட்டெழுந்த எரிமலை உமிழ்வு. பூமிக்கு வெளியே இயங்கும் எரிமலை காணப்பட்டது அதுவே முதல் முறை. வியாழனின் ஈர்ப்பு அயோவைப் பிசைந்து அதன் உள்ளகத்தை உருக வைக்கும் என்று ஸ்டான்டன் பீலும் அவரது இரு துணைவர்களும் கணித்து எழுதிய கட்டுரை அதற்கு ஒரு வாரத்துக்கு முன்புதான், மார்ச் 2 அன்று வெளிவந்திருந்தது. கோட்பாடும் காட்சியும் இவ்வளவு நெருக்கமாகச் சந்தித்த நிகழ்ச்சிகள் அறிவியல் வரலாற்றில் மிகச் சிலவே.

சனியின் துணைக்கோளான என்செலடஸ் 500 கிலோமீட்டர் விட்டமே உடையது. அதன் தென்துருவத்திலிருந்து பனித்துகள்கள் ஊற்றுகளாகப் பீறிடுவதை 2005 நவம்பரில் காசினி விண்கலம் தெளிவாகப் படம்பிடித்ததும் பின்னொளியில்தான். புளூட்டோவைச் சுற்றி நீலநிற மூடுபனி அடுக்கடுக்காக நிற்பதும், 2015 ஜூலை 14 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அதைக் கடந்துபோன பின் திரும்பிப் பார்த்தபோது தெரியவந்தது.

இந்தப் படங்கள் பூமிக்கு எப்படி வந்து சேர்கின்றன என்பது தனியே விளக்கத்தக்கது. விண்கலம் படத்தை அனுப்புவதில்லை, எண்களை அனுப்புகிறது. கேமராவின் ஒளியுணரி, தன்மீது விழும் காட்சியைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் விழுந்த ஒளியின் அளவை ஓர் எண்ணாக மாற்றுகிறது. அந்தக் கட்டமே படப்புள்ளி அல்லது பிக்சல். 1965 ஜூலையில் செவ்வாயைக் கடந்த மரினர் 4, ஒவ்வொரு படத்தையும் 200 வரிகளாகவும், ஒவ்வொரு வரியையும் 200 புள்ளிகளாகவும் பிரித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் 64 படிநிலைகளுள் ஒன்றைக் கொடுத்தது. 64 படிநிலைகளைக் குறிக்க 6 பிட்டுகள் தேவை. பிட் என்பது சுழியோ ஒன்றோ மட்டும் ஏற்கும் மிகச் சிறிய தகவல் அலகு. ஆக ஒரு படத்துக்கு 2,40,000 பிட்டுகள். அந்தக் கலத்தின் வானொலியால் ஒரு நொடிக்கு எட்டும் மூன்றில் ஒரு பங்கும் பிட்டுகளையே அனுப்ப முடிந்ததால், ஒரே ஒரு படம் முழுமையாக வந்துசேர எட்டு மணி நேரம் பிடித்தது. மொத்தம் 21 முழுப் படங்களும் 22ஆவதன் ஒரு பகுதியும் கிடைத்தன.

முதல் படத்தின் எண்கள் வரத் தொடங்கியபோது, கணினி அதை உருவமாக்கித் தரும்வரை காத்திருக்க இயலாத கலிபோர்னியாப் பொறியாளர்கள், எண்கள் அச்சிடப்பட்ட தாள்நாடாக்களைச் சுவரில் அருகருகே ஒட்டி, எண்ணுக்கு ஒரு வண்ணம் என்று வைத்துக்கொண்டு, வண்ணக்கட்டிகளால் கையாலேயே தீட்டினார்கள். வேறொரு கோளின் அருகிலிருந்து எடுக்கப்பட்டுத் தொலைக்காட்சிக் கண்ணுக்கு எட்டிய முதல் படம், இவ்வாறு மனிதக் கைகளால் வரையப்பட்ட படம். அதன்பின் வந்தவை செவ்வாயில் நிலவைப் போன்ற குழிகள் நிறைந்திருப்பதைக் காட்டி, அங்கே கால்வாய்களும் பயிர்களும் இருக்கலாம் என்ற நெடுநாள் கற்பனையை முடித்துவைத்தன.

வாயேஜர் கலங்களின் கேமரா 800 வரிகளும் வரிக்கு 800 புள்ளிகளும் புள்ளிக்கு 256 படிநிலைகளும் கொண்டது. வியாழனிலிருந்து நொடிக்கு 1,15,200 பிட்டுகள் அனுப்ப முடிந்ததால், மரினர் எட்டு மணி நேரம் எடுத்துக்கொண்ட வேலையைவிட இருபது மடங்கு பெரிய வேலை முக்கால் நிமிடத்தில் முடிந்தது. தொலைவு கூடினால் வேகம் குறையும். புளூட்டோவிலிருந்து நொடிக்கு ஒன்று அல்லது இரண்டாயிரம் பிட்டுகளே வந்ததால், சில நாட்களில் எடுத்த படங்களும் அளவீடுகளும் முழுவதும் வந்துசேர 2016 அக்டோபர் வரை, பதினைந்து மாதங்கள் ஆயின.

எண்களாக வருவதால்தான் வண்ணம் பற்றிய கேள்வி எழுகிறது. பெரும்பாலான கோள்-கேமராக்கள் கறுப்பு வெள்ளைக் கேமராக்களே. சிவப்பு, பச்சை, நீலம் என்று வெவ்வேறு வடிகட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக முன்னால் நிறுத்தி மூன்று படங்கள் எடுத்து, பூமியில் அவற்றை ஒன்றுசேர்க்கிறார்கள். அதற்குள் கோளும் சுழன்றிருக்கும், கலமும் நகர்ந்திருக்கும். ஆகவே படங்களைப் பொருத்துவதற்கே தனித்திறன் வேண்டும். மங்கலான மேகங்கள் தெரிவதற்காக நிறவேறுபாட்டை மிகைப்படுத்துவதும் உண்டு. 1989இல் வாயேஜர் 2 எடுத்த நெப்டியூன் அப்படித்தான் ஆழ்ந்த நீலமாக வெளியிடப்பட்டது; மிகைப்படுத்தியது அப்போதே குறிப்பிடப்பட்டிருந்தும், காலப்போக்கில் குறிப்பு மறைந்து நீலம் மட்டும் பாடநூல்களில் நிலைத்தது. நெப்டியூனும் யுரேனசும் ஏறத்தாழ ஒரே வெளிர் பச்சை நீலம் என்பதை, ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் பாட்ரிக் இர்வின் குழு 2024இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. மிகைப்படுத்துவதில் தவறில்லை, அதைச் சொல்லாமல் விடுவதே தவறு.

தமிழர்களின் பங்கு மிகுந்த மங்கள்யான் இந்த வகையில் மாறுபட்டது. 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு, 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்த அந்தக் கலத்தின் திட்ட இயக்குநர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த சுப்பையா அருணன். பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்து சந்திரயான் 1 திட்டத்தை நடத்திய மயில்சாமி அண்ணாதுரையும் அதன் பொறுப்பாளர்களுள் ஒருவர். அதன் வண்ணக் கேமராவின் எடை 1.27 கிலோகிராம் மட்டுமே. கைப்பேசிக் கேமராவைப் போலவே ஒளியுணரியின் ஒவ்வொரு புள்ளியின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு நிறத்தின் வடிகட்டி பதிக்கப்பட்டிருந்ததால், ஒரே சொடுக்கில் வண்ணப்படம் கிடைத்தது.

அதைவிட முக்கியம் கலத்தின் பாதை. செவ்வாயை ஆராயும் கலங்களுள் பல, சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் வட்டப்பாதையில் சுற்றுகின்றன. அவை நிலத்தைத் துண்டு துண்டாகத்தான் பார்க்க முடியும். மங்கள்யானின் பாதையோ அருகில் 421 கிலோமீட்டரும் தொலைவில் ஏறத்தாழ 77,000 கிலோமீட்டருமாக நீண்ட முட்டை வடிவம். எரிபொருள் சிக்கனம் கருதி அமைந்த அந்தப் பாதை, கேமராவுக்குப் பெரும்பேறாக அமைந்தது. கலம் சென்றடைந்த சில நாட்களிலேயே, 74,500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, வடபகுதியில் புழுதிப்புயல் எழுந்திருந்த செவ்வாயின் முழு வட்டமும் ஒரே படத்தில் பதிந்தது. நெருங்கி வரும்போது அதே கேமரா சில பத்து மீட்டர் அகலமுள்ள விவரங்களைக் காட்டியது. 2020 ஜூலை 1 அன்று 4,200 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஃபோபோஸ் துணைக்கோளைப் படமெடுத்தது. ஆறு மாதங்களுக்கென்று வடிவமைக்கப்பட்ட கலம், 2022 வரை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் உழைத்தது.

எந்தப் பாதையில் சுற்றுவது என்ற முடிவே எந்தப் படம் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது என்ற உண்மையை, மலேசியாவின் ரசாக்சாட் செயற்கைக்கோளும் எடுத்துக்காட்டுகிறது. பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் வழக்கமாகத் துருவங்களுக்கு மேலாகச் செல்கின்றன. அப்பாதையில் ஒரே இடத்துக்கு மேலே மீண்டும் வரச் சில நாட்கள் ஆகும், வரும் நேரத்தில் பினாங்கு போன்ற இடத்தில் மேகம் மூடியிருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால் ரசாக்சாட், நிலநடுக்கோட்டுக்கு 9 பாகை மட்டுமே சாய்ந்த பாதைக்கென வடிவமைக்கப்பட்டு, 2009 ஜூலை 14 அன்று பசிபிக் கடலின் குவாஜலின் பவளத்தீவுத் தொகுதியிலிருந்து ஃபால்கன் 1 ஏவூர்தியில் ஏவப்பட்டது. 685 கிலோமீட்டர் உயரத்தில் நாளொன்றுக்குப் பதினான்கு முறை இப்பகுதியைக் கடக்கும்போது, ஏதாவதொரு முறை மேகத்தில் இடைவெளி கிடைக்கும், காலை வெயிலும் மாலை வெயிலும் வெவ்வேறு நிழல்களைத் தரும் என்பது எண்ணம். 2.5 மீட்டர் அளவுள்ள பொருளையும் பிரித்தறியும் அதன் கேமரா நீண்டகாலம் உழைக்கவில்லை என்றாலும், அந்தப் பாதையைத் தேர்ந்த சிந்தனை பாராட்டத்தக்கது.

வியாழனின் அச்சு 3 பாகையே சாய்ந்திருப்பதால், அதன் துருவங்கள் பூமியின் பார்வைக்கு எப்போதும் விளிம்பிலேயே ஒடுங்கிக் கிடந்தன. 2016 ஜூலையில் வியாழனை அடைந்து, துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் ஜூனோ, வடதுருவத்தில் ஒரு சூறாவளியைச் சுற்றி எட்டுச் சூறாவளிகளும், தென்துருவத்தில் ஒன்றைச் சுற்றி ஐந்தும் ஒழுங்கான வடிவில் நிற்பதைக் காட்டியது. நடு அகலாங்குகளின் பட்டைகளை மட்டுமே அறிந்திருந்த உலகம் இதை எதிர்பார்க்கவில்லை. அந்தக் கலத்தின் கேமரா முதன்மையாகப் பொதுமக்களுக்காகவே பொருத்தப்பட்டது. நிமிடத்துக்கு இரு முறை சுழலும் கலத்திலிருந்து பட்டை பட்டையாகப் பதியும் செம்மைப்படுத்தாத தரவுகளை நாசா அப்படியே பொதுவில் வைத்துவிடுகிறது. ஜெர்மனியின் ஜெரால்டு ஐக்ஷ்டெட் போன்ற ஆர்வலர்கள் அவற்றை இணைத்து முழுப் படங்களாக்குகின்றனர். பினாங்கில் கணினி வைத்திருக்கும் ஒரு மாணவருக்கும் அதே தரவு, அதே நாளில், கட்டணமின்றிக் கிடைக்கிறது. அவர் கையிலிருக்கும் கைப்பேசியின் கேமரா உணரியும் விண்கலங்களின் தேவையிலிருந்து பிறந்ததே: கலங்களில் எடையும் மின்சாரமும் குறைந்த கேமரா வேண்டும் என்பதற்காக, எரிக் ஃபாசமும் அவர் குழுவினரும் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய சீமாஸ் உணரியே இன்று ஏறக்குறைய எல்லாக் கைப்பேசிகளிலும் இருக்கிறது. 1972 முதல் குறைக்கடத்திச் சில்லுகளைப் பொருத்தியும் சோதித்தும் வரும் பினாங்கின் பாயான் லெப்பாஸ் ஆலைகளின் ஊரில், இந்த வரலாறு பள்ளிகளில் சொல்லித்தரப்பட வேண்டியது.

சனியின் பின்னொளிப் படங்களுள் தலைசிறந்தது 2013 ஜூலை 19 அன்று எடுக்கப்பட்டது. சனி சூரியனை முழுவதும் மறைத்திருந்த நேரத்தில், காசினி நான்கு மணி நேரம் வளையங்களின் குறுக்கே படங்களை எடுத்துச் சென்றது. அவற்றுள் 141 அகன்ற படங்களைக் கோத்து ஒரே காட்சி ஆக்கினார்கள். என்செலடசின் ஊற்றுகளே ஊட்டி வளர்க்கும் மெல்லிய வெளிவளையம் அதில் நீலத்திரையாக விரிந்து கிடக்கிறது. வளையங்களின் கீழே 144 கோடி கிலோமீட்டர் தொலைவில் ஒரு வெளிர் நீலப் புள்ளி, அது பூமி. பூமி பதிவான நேரம் பினாங்கில் மறுநாள் அதிகாலை ஐந்தரை மணியை ஒட்டியது. முந்தைய அந்தியில் தலைக்கு மேலே உயர நின்ற சனி மேற்கே இறங்கி ஏறத்தாழ நான்கு மணி நேரம் கழிந்திருந்தது, ஆகவே பினாங்கு அந்தப் புள்ளியின் மறுபக்கத்தில் இருந்தது. படத்தின் பக்கம் திரும்பியிருந்தவை அட்லாண்டிக் கடலும் அமெரிக்கக் கண்டங்களுமே.

2024 ஆகஸ்டில் முறை மாறியது. வியாழனின் பனித் துணைக்கோள்களை நோக்கிச் செல்லும் ஐரோப்பிய விண்கலமான ஜூஸ், பூமியின் ஈர்ப்பால் தன் பாதையை வளைத்துக்கொள்ள வந்தபோது, மலேசிய நேரப்படி ஆகஸ்ட் 21 அதிகாலை 5 மணி 56 நிமிடத்துக்கு, 6,840 கிலோமீட்டர் உயரத்தில் தென்கிழக்காசியாவுக்கும் பசிபிக் கடலுக்கும் மேலாகப் பறந்து, வழியில் நிலவையும் பூமியையும் படமெடுத்தது. 2031 ஜூலையில் அது வியாழனை அடையும். அதற்கு முந்தைய ஆண்டே, 2024 அக்டோபரில் ஏவப்பட்ட அமெரிக்காவின் ஐரோப்பா கிளிப்பர் அங்கே சென்றிருக்கும். பனிமேலோட்டின் கீழே கடலை மறைத்து வைத்திருப்பதாகக் கருதப்படும் ஐரோப்பா துணைக்கோளிலிருந்து, என்செலடசைப் போலவே நீர் பீறிடக்கூடும் என்று ஹபிள் தொலைநோக்கி தந்த குறிப்புகள் இன்னும் உறுதிப்படவில்லை. அவ்வாறு பீறிட்டால் அது மங்கலாகவே இருக்கும் என்பதால், ஐரோப்பாவைத் தாண்டிச் சென்று திரும்பிப் பார்க்கும் நேரங்களை இரு கலங்களின் குழுவினரும் இப்போதே கணக்கிட்டு வருகின்றனர்.